தொட்டி கழுவிய நாளில் தண்ணீர் வரவில்லை

ராயபுரம் பக்கம் ஒரு பழைய நீர்த்தேக்கத்தில் வால்வு ஆபரேட்டராகச் சேர்ந்த முதல் நாள், மேஸ்திரி என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்.

"செருப்ப தொட்டி மூடியாண்ட வுடு நைனா. குடிக்கிற தண்ணி. மேல வந்து மாட்டிக்கோ. செருப்பு கெடந்தா உள்ள ஆளு கீதுன்னு அர்த்தம். மூடிய மூட மாட்டோம்."

தொட்டி கழுவும் நாளில் எங்களுக்கு ஹாஜர் அதுதான். செருப்பெல்லாம் கிளம்பிவிட்டால் ஆளெல்லாம் வெளியே வந்தாயிற்று. யாரும் அதைச் சந்தேகப்பட்டதில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் அது வெறும் புல்மேடு. கோடையில் தண்ணீர் சூடேறாமலிருக்க, வெள்ளைக்காரன் காலத்திலேயே கூரைமேல் மண்ணைக் கொட்டிப் புல் வளர்த்திருக்கிறார்கள். ஏணியில் இறங்கினால்தான் வேலைப்பாடு தெரியும். வரிசை வரிசையாகச் செங்கல் தூண்கள், தூணுக்குத் தூண் கமான், மேலே சுண்ணாம்புக் காரையில் வளைவுக் கூரை. சொந்த வீட்டைக் காட்டுவதுபோல அதைப் பலருக்குக் காட்டியிருக்கிறேன். ஆனால் தூண்கள் மறைப்பதால் இந்த மூலையில் நிற்பவனுக்கு அந்த மூலை தெரியாது.

மீன்பிடித் தடைக்காலத்தில் குப்பத்து ஆட்கள் கான்ட்ராக்டில் கழுவ வருவார்கள். அந்த வருஷம் அந்தோணி வந்தான். படகிலேயே வளர்ந்தவன், செருப்பே போடாதவன். வெறுங்காலோடு வந்தான், வெறுங்காலோடு இறங்கினான். எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

சேற்றை வாரி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, எல்லாரும் ஏறினார்கள். மூடியருகே ஒரு செருப்பும் இல்லை. மேஸ்திரி மூடச் சொன்னார், தண்ணீர் திறக்கச் சொன்னார், திறந்தோம். சாப்பாட்டு வேளையில் ஒரு டிபன் பாக்ஸ் மட்டும் திறக்காமல் இருந்தது.

"அந்தோணி எங்கடா?" என்றார் மேஸ்திரி.

வால்வை அடைத்துவிட்டு ஓடினோம். கடைசித் தூணுக்குப் பின்னால் கிடந்தான். பவுடர் நெடியில் மயங்கி விழுந்திருக்க வேண்டும். அங்கே தண்ணீர் முழங்கால் அளவுகூட இல்லை. அவனுக்கு அதுவே போதுமானதாகிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், உயிர் இல்லை என்றார்கள். போனில் சொல்ல யாருக்கும் வாய் வராமல், வீட்டுக்கு ஓர் ஆளை அனுப்பினோம். போலீஸ் வந்தது. தொட்டியை மறுபடி காலி செய்து கழுவ வேண்டுமென்று மேலிடத்து உத்தரவு. மத்தியானம் வருமென்று சொன்ன தண்ணீர் சாயங்காலம் வரை வரவில்லை. கேட்டில் குடங்களோடு பெண்கள் கூடிவிட்டார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பிலோமினா முன்னால் வந்தாள். அந்தோணியின் மனைவி. நாங்கள் அனுப்பிய ஆள் போவதற்குள் அவள் தண்ணீர் தேடி வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தாள்.

"இன்னாண்ணா, வூட்ல ஒரு சொட்டு இல்ல. எப்ப வுடுவீங்க? எங்க வூட்டுக்காரு உள்ளதான் கீறாரு, கொஞ்சம் கூப்புடுண்ணா. அவரு கரெக்டா சொல்லுவாரு."

மேஸ்திரி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் அவள் கையிலிருந்த குடத்தை வாங்கிக் கீழே வைத்தேன். அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

அதன்பிறகு எங்கள் தொட்டியில் முறை மாறியது. மூடுமுன் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் வால்வில் கை வைக்க வேண்டும். இப்போது வேலைக்கு வரும் தம்பிகளே, இதை எந்த அவசரத்திலும் விடாதீர்கள். முறையென்று ஒன்று இருந்துவிட்டால் ஆளைப் பார்ப்பதை மறந்துவிடுகிறோம். ஓர் உயிரைக் கொடுத்துத்தான் எங்களுக்கு அந்தப் புத்தி வந்தது.

கொஞ்ச நாள் கழித்துப் பிலோமினா தெருக் குழாயில், எங்கள் தொட்டித் தண்ணீரையே பிடிப்பதைப் பார்த்தேன். மனசு தாங்கவில்லை.

"லாரித் தண்ணி புடிச்சுக்கக் கூடாதாம்மா?" என்றேன்.

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"புள்ளைங்களுக்குத் தாகம் எடுக்குதே. இத வுட்டா எனக்கு வேற தண்ணி ஏதுண்ணா?"