டிரைவரைக் காணோம்

ஒடாடாவ் ஊர்ப் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டுகிற கிளெனிஸ் ரட்லெட்ஜ் தலை எண்ணாமல் வண்டியைக் கிளப்பமாட்டாள். கண்ணாடியில் பார்த்துப் பிள்ளைகளை ஒவ்வொன்றாக எண்ணுவாள். கடைசியில் தன் நெஞ்சில் விரலால் ஒரு தட்டுத் தட்டி, "டிரைவர்" என்று முடிப்பாள். அப்புறம்தான் கியர். தன் கல்யாணத்தன்று தேவாலயத்திலிருந்து கிளம்பும்போதுகூடக் காரில் இருந்தவர்களை எண்ணிவிட்டு நெஞ்சைத் தட்டி "டிரைவர்" என்றாளாம். அன்றைக்குக் காரை ஓட்டியவர் அவளுடைய மாமனார்.

எங்கள் தெற்குத் தீவு ஜனங்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. பின்னால் யாரும் துரத்தாமலே மலை ஏறுவார்கள், சேற்றில் சைக்கிளைத் தோளில் சுமப்பார்கள், பனி உருகி வரும் ஆற்றில் படகு விடுவார்கள். நாள்கணக்கில் இது நடக்கும், தூக்கம் கிடையாது. பந்தயம் என்று பெயர். நான்கு பேர் ஒரு குழு, அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். கூப்பிடு தூரத்தைத் தாண்டி ஒருவரை ஒருவர் பிரியக்கூடாது. பந்தயம் முடிகிற மைதானத்தில் வாசல்போல ஒரு வளைவு நட்டிருப்பார்கள்; நான்கு பேரும் சேர்ந்து அதற்குள் நுழைந்தால்தான் முடித்தவர்கள் பலகையில் பெயர் ஏறும். ஒருவன் படுத்துவிட்டால் மற்ற மூவரும் நடந்து முடிக்கலாம், தடையில்லை. ஆனால் அது காலாற உலாவி வந்த கணக்குத்தான்.

கிளெனிஸ் இதில் மாட்டியது பிளம்பர் ஃபெர்கஸால். அவள் வீட்டுக் குழாயைச் சரிசெய்ய வந்தவன், பஸ்ஸின் மாற்றுச் சக்கரத்தை அவள் ஒண்டியாகத் தூக்கிக்கொண்டு போவதை ஜன்னல் வழியே பார்த்தான். அவன் குழுவில் ஒரு பெண் குறைந்தது. கழுவுதொட்டிக்கு அடியில் படுத்தபடியே கேட்டான். அவளும் தலையாட்டிவிட்டாள்.

முதல் வருஷம் ஃபெர்கஸின் கணுக்கால் பிசகியது. அடுத்த வருஷம் ஆட்டுச் சந்தையில் ஏலம் கூவுகிற அலஸ்டர், ஏதோ காட்டுப் பழத்தைத் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மூன்றாம் வருஷம் ராவிரி. அவன் ஆட்டு ரோமம் கத்தரிப்பவன், எருதுபோல் உடம்பு. ஓஹாய் ஊர் வழியே சைக்கிளில் போகும்போது, தண்ணீர் கேட்கிறேன் என்று மதுக்கடைக்குள் நுழைந்தவன் வெளியே வரவே இல்லை. ஒவ்வொரு முறையும் கிளெனிஸ் மட்டும் விடாமல் நடந்து கடைசி மைதானத்துக்கு வந்து சேர்ந்தாள். அதற்குள் வளைவைக் கழற்றி எடுத்துப் போயிருப்பார்கள். வளைவின் கால்கள் ஊன்றியிருந்த இரண்டு குழிகளுக்கு நடுவே நடந்துவிட்டு வீட்டுக்குப் போவாள். திங்கட்கிழமை பஸ்ஸில் பிள்ளைகள், "பேர் போட்டாங்களா?" என்று கேட்கும். அவள் கியரை மாற்றுவாள்.

இந்த வருஷம்தான் கடைசி. முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி மலைப்பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பலகையில் ஒரே ஒரு தரம் பெயர் வந்துவிட்டால் போதும் என்றிருந்தாள். அவள் ஆசையெல்லாம் அவ்வளவுதான்.

ஆச்சரியம் என்னவென்றால், இந்த முறை ஒருவனும் விழவில்லை. மூளை மட்டும்தான் விழுந்தது. கடைசி நாள் காலையில் வையாவ் ஆற்றில் படகை விட்டு இறங்கியபோது, நாலு பேருக்கும் தூக்கமில்லாமல் கண் இரத்தமாக இருந்தது. அலஸ்டர் வழியிலிருந்த புல் புதர்களையெல்லாம் ஏலம் விட்டுக்கொண்டே வந்தான், நல்ல விலைக்கும் போனது. ராவிரி ஒரு புதரைக் குப்புறத் தள்ளிக் கத்தரிக்கப் பார்த்தான். ஃபெர்கஸ் ஒரு பாறையிடம் நின்று, கசிவு எப்போதிலிருந்து என்று மரியாதையாக விசாரித்தான். மூவரையும் அதட்டி, உருட்டி, டுவாடாபரே ரக்பி மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள் கிளெனிஸ்.

வளைவு நின்றுகொண்டிருந்தது. நடுப்பகலில் மூடுவார்கள், இன்னும் நேரம் இருந்தது. ஜனங்கள் சாசேஜ் தட்டும் கையுமாக நின்று கைதட்டினார்கள். இன்னும் பத்தடி நடந்தால் போதும். கிளெனிஸ் கையைத் தூக்கி மூவரையும் நிறுத்தினாள். எண்ணாமல் எப்படிப் போவது?

"ஒண்ணு ராவிரி. ரெண்டு ஃபெர்கஸ். மூணு அலஸ்டர். நாலு நான்." பழக்கதோஷம், அதோடு நிற்கவில்லை. "டிரைவர்?" என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "டிரைவரைக் காணோம்."

சிரித்திருக்க வேண்டிய மூன்று பேரும் சிரிக்கவில்லை.

"ஆத்தங்கரையில பார்த்தேனே," என்றான் ஃபெர்கஸ். "மலையில என் மூட்டையையும் சேர்த்துச் சுமந்தது அந்த ஆள்தான்."

"ஆன்ட்டி, டிரைவர்தான் எனக்குக் கையுறையைக் கழட்டிக் குடுத்தாங்க," என்று ராவிரி விசும்ப ஆரம்பித்தான். "வெறுங்கையோட துடுப்புப் போட்டாங்க."

அலஸ்டருக்கு மட்டும் கோபம். அந்த ஆள் நல்ல ஆள்தான், சீஸ் ரோலில் பாதியைப் பிட்டுக் கொடுத்தான்தான், ஆனால் வழியெல்லாம் ஒரே அதட்டல், அப்படி அதட்டியவன் இப்போது இப்படிக் காணாமல் போகலாமா என்று பொருமினான். இருந்தாலும் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பதில் நால்வருக்கும் ஒரே கருத்து. வளைவுக்கு முதுகைக் காட்டி வந்த வழியே திரும்பினார்கள். சேற்றுப் பள்ளங்களில் குனிந்து, "டிரைவர்!" என்று கூப்பிட்டுத் தேடினார்கள்.

கூட்டம் கத்தியது. வளைவுக்குப் பொறுப்பாளனாக நின்ற டூகல்ட் ஓடி வந்தான். இப்போது அவனுக்குச் சொந்தமாக ஆட்டுப் பண்ணை, தலையில் வழுக்கை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துச் சைக்கிள் கொட்டகையில் தூங்கிப்போனவனை, எண்ணிக்கையில் ஒன்று குறைகிறதென்று பாதி வழியிலிருந்து பஸ்ஸைத் திருப்பிவந்து ஏற்றிக்கொண்டவள் கிளெனிஸ். அவளை இழுத்துக்கொண்டு போய் வளைவுக்குள் தள்ளியிருப்பான். ஆனால் வெளியாள் கை பட்டால் குழு தள்ளுபடி. வாயால்தான் ஆகவேண்டும்.

குழு என்றாலே நாலு பேர்தான், நாலு பேரும் இங்கேயே இருக்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னான்.

"நாலு சரிடா. வண்டிய யாரு ஓட்டுறது?" என்றாள் கிளெனிஸ்.

வளைவடியில் ஒருவர் பந்தயத்தை மூடும் நடுப்பகல் மணியை அடிக்கக் கயிற்றைப் பிடித்துவிட்டார். அவள் கண்ணில் நீர் தளும்பியது. இவ்வளவு தூரம் வந்து இந்த வருஷமும் ஒருவரை விட்டுவிட்டோமே என்ற துக்கம். அந்த முகத்தைப் பார்த்ததும் டூகல்டுக்கு பஸ் கண்ணாடி ஞாபகம் வந்தது. பின் சீட்டில் உட்கார்ந்து எத்தனை வருஷம் பார்த்த முகம்.

"மிஸஸ் ரட்லெட்ஜ்," என்றான் மெதுவாக. "பஸ்ஸுல எங்களையெல்லாம் எண்ணி முடிச்சப்புறம் டிரைவரை எப்படி எண்ணுவீங்க?"

அவள் விரல் தானாக எழுந்து நெஞ்சைத் தட்டியது. அங்கேயே நின்றது. குனிந்து அந்த விரலைப் பார்த்தாள்.

"அடக் கடவுளே," என்றாள். "இங்கதான் இருந்திருக்கேன்."

"அப்ப வண்டிய எடுங்க."

ஃபெர்கஸ் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டான். "இவ்வளவு நேரம் எங்க போயிருந்தீங்க?" என்று அவளிடமே கடிந்துகொண்டான். "உங்களைக் காணோம்னு கிளெனிஸ் எப்படிப் பதறிட்டா தெரியுமா?"

மணி அடிப்பதற்குள் மூவரையும் வளைவுக்குள் ஏற்றிவிட்டு, கடைசியாக அவள் நுழைந்தாள். பலகையில் எல்லோருக்கும் அடியில் அவர்கள் பெயர் ஏறியது. ரட்லெட்ஜ் என்பதில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. அவள் கண்டுகொள்ளவில்லை. அந்தப் பலகையை எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் பார்த்தாள்.

அவள் மனம் வேறெங்கோ இருந்தது. பிறரைத் தேடிப் பாதி வழியிலிருந்து திரும்பியே வயதைக் கழித்தவள் அவள். அவளைக் காணோமென்று யாரும் எப்போதும் திரும்பி வந்ததில்லை. இன்றைக்கு மூன்று மடையர்கள், பத்தடியில் வளைவை வைத்துக்கொண்டு, அவளைச் சேற்றில் தேடினார்கள். அது அவளுக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

ராவிரி சாசேஜ் வாங்கி வந்தான். ஐந்து தட்டு. நாலு பேருக்கும் கொடுத்துவிட்டு, ஐந்தாவது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இது டிரைவருக்கு ஆன்ட்டி, எங்க வைக்கட்டும்?" என்று கேட்டான்.

"இங்க வை," என்று கிளெனிஸ் தன் தட்டை நகர்த்தி இடம் கொடுத்தாள். இரண்டையும் சாப்பிட்டாள்.