நீல வார் செருப்பு

இரணியலில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணை யாரோ வெட்டிக் கொன்றுவிட்டார்கள். மறுநாள் காலையில் அவளுடைய அம்மாவுக்குத் துணையாக நான் அங்கே இருந்தேன். கேமராவோடு வந்த அந்த டிவிக்காரரைப் பார்த்தால் யாருக்கும் மரியாதை வரும். நெற்றியில் சந்தனம், தேய்த்த சட்டை, தாழ்ந்த குரல். முற்றத்தில் கால் வைக்குமுன் தன் ஷூவைக் கழற்றித் தூரத்தில் தென்னை மூட்டில் கொண்டுபோய் வைத்தார். துஷ்டி வீட்டுக்கு வரத் தெரிந்த மனிதர் என்று நினைத்தேன். ஷூ படத்தில் விழாமலிருக்க வைத்தாரோ என்ற சந்தேகம் பிறகுதான் வந்தது.

படியில் நீல வார் வைத்த ஒரு ஜோடி செருப்பு கிடந்தது.

“அக்கா, இது யாருக்க செருப்பு?”

“எனக்கதான் மக்கா. எடுக்கணுமா?”

“வேண்டாம், கெடக்கட்டு.”

குனிந்து ஒன்றை மட்டும் கவிழ்த்து வைத்தார். லென்ஸைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு நெடுநேரம் படம் பிடித்தார்.

சாயங்காலச் செய்தியில் என் செருப்பு திரை நிறைய வந்தது. சோகமான வயலினோடு, “இனி இதைப் போட்டு நடக்க அவள் வரமாட்டாள்” என்றது ஒரு குரல்.

அடுத்த நாள் மீன்காரி என் காலைப் பார்த்து நின்றுவிட்டாள். “ஏட்டி, இது செத்தவளுக்க செருப்பில்லா? டிவியில காட்டினாவளே!”

என்னுடையது என்றேன். அவள் நம்பவில்லை.

தெரியாமல் செய்திருந்தால் விட்டிருப்பேன். ஆனால் அவர் யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாரே, எதற்கு? செத்தவளுடையது என்றால் கையால் தொட்டிருக்க மாட்டாரோ?