எழுபத்திரண்டிலேயே நின்ற துடிப்பு

உள்ளறையிலிருந்து வந்த 'பீப்' சத்தம் திடீரென்று வேகமெடுத்தது.

அவள் வீட்டுக் கூடத்தில், அலுவலகத்திலிருந்து வந்திருந்த மேலாளர் கணினித் திரையைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார். "நாடித்துடிப்பு எழுபத்திரண்டு. அசையாம நிக்குது பாரும்மா! இன்னிக்கே ஆஸ்பத்திரில ஒப்படைச்சிடலாம்."

அவள் எழுந்து உள்ளே ஓடினாள். விரலில் நாடி பார்க்கும் கருவியோடு படுத்திருக்க வேண்டிய மாமனார், கட்டிலருகே உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார்.

"மாமா! என்ன பண்றீங்க?"

"சும்மா கிடந்தா உன் மிஷினுக்கே தூக்கம் வந்துடும்மா. கொஞ்சம் வேலை குடுத்தேன்."

திரும்பி வந்தாள். திரையில் அதே எழுபத்திரண்டு. உள்ளே 'பீப்' மட்டும் இன்னும் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

உறவினர்கள் அவளைப் 'பூட்டக்கா' என்று கேலி செய்வார்கள். தெருமுனை வரை போனவள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். புதிதில் சண்டை போட்ட கணவர், பிறகு முனையிலேயே நின்று காத்திருக்கப் பழகிக்கொண்டார். இப்போது காத்திருக்க அவர் இல்லை. அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அப்படிப்பட்டவள், கருவியைக் கணினியோடு இணைக்க எழுதிய டிரைவர் மென்பொருள், திரும்பிப் போய்ப் பார்க்க மறந்திருந்தது!

"சார், கருவி துடிப்பை எண்ணி மெமரில ஒரு இடத்துல எழுதுது. திரையில ஓடுற புரோகிராம் அந்த இடத்தை நேரா பார்க்க என் டிரைவர் ஒரு ஜன்னல் திறந்து விடுது. ஆனா பிராசஸர் ஒரு தடவை பார்த்ததை நகல் எடுத்து வச்சுக்கும். 'இங்க நகல் கூடாது, ஒவ்வொரு தடவையும் போய்ப் பாரு'ன்னு நான் எழுதியிருக்கணும். எழுதல. பழைய நகலையே காட்டிட்டிருக்கு. பீப் சத்தம் கருவியிலேர்ந்தே வருது, அதான் அது சரியா இருக்கு."

"எத்தனை வரி மாத்தணும்?"

"ஒண்ணுதான்."

"மாத்திக் குடு, கொண்டு போறேன்."

"மாத்தினா எல்லாச் சோதனையும் முதல்லேர்ந்து பண்ணணும் சார். ஒரு வாரமாகும்."

அவர் முகம் சுருங்கியது. "உன்னை நிரந்தரமாக்கற பேப்பர் என் மேஜையில கிடக்கு. இந்த ஆர்டர் போனா அதுவும் போகும்."

அவள் திரையைச் சுட்டிக்காட்டினாள். "வார்டுல சத்தத்தைக் குறைச்சு வச்சிருப்பாங்க சார். யாரோ மூச்சு முட்டிக் கிடப்பாங்க. நர்ஸ் திரையைப் பார்த்துட்டு நிம்மதியா அடுத்த கட்டிலுக்குப் போயிடுவாங்க. தர மாட்டேன்."

வாசற்படியில் மாமனார் வந்து நின்றார். "இப்போ இதை என் மருமக விரல்ல மாட்டிப் பாருங்க. நெஞ்சு படபடன்னு அடிக்கிற இப்பவும் எழுபத்திரண்டுதான் காட்டும்."

மேலாளர் திரையையே பார்த்தார். பிறகு, கருவிக்காகக் கொண்டுவந்த பையை காலியாகவே தோளில் போட்டுக்கொண்டார்.

"ஒரு வாரம். அதுக்கு மேல என்னால சாக்கு சொல்ல முடியாது. பேப்பரைப் பத்தி இப்போ எதுவும் கேக்காதே."

அவள் கேட்கவில்லை. அவர் படியிறங்கியதும் கதவைச் சாத்தித் தாழிட்டாள். இரண்டடி நடந்தவள், திரும்பி வந்து தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள்.