மிச்சத்தைத் தானே சொல்லிவிடும் டீச்சர்

பேருந்தில் நடத்துனர் “உள்ளே போங்க, உள்ளே…” என்று மூச்சு வாங்குவதற்குள், “இடம் நிறைய இருக்கு, படியில நிக்காதீங்க” என்று டீச்சர் முடித்து வைத்துவிடுகிறார். நடத்துனருக்கு இது பழகிவிட்டது. பல்கலைக்கழக நிறுத்தத்தில் டீச்சர் இறங்கும்போது, “நீங்க போயிட்டா இனிமே என் தொண்டைதான் கட்டும்” என்கிறார்.

இருபத்திரண்டு வருடங்களாகக் கணக்குப் பாடம் நடத்திய வாய் அது. பிள்ளை எழுந்து நின்று “டீச்சர், இந்த…” என்றாலே எந்தக் கணக்கு, எந்தப் படியில் தடுக்கியது என்று தெரிந்துவிடும். மணியடிப்பதற்குள் பாடம் முடிய வேண்டுமே. வீட்டிலும் அதே கதைதான். லிஃப்ட் பழுது பார்க்கிற கணவர், “நான் பாதி சொன்னாப் போதும், மிச்சத்தை அவளே சொல்லிடுவா. சமயத்துல நான் நினைக்காததையும் சேர்த்துச் சொல்லுவா” என்று சிரிக்கிறார்.

இப்படிப்பட்டவர் நாற்பத்தெட்டு வயதில் மாலை வகுப்பில் கவுன்சலிங் படிக்கிறார். முதுகலை, இரண்டு வருடம். உடன் படிப்பவர்கள் எல்லாம் இவரிடம் கணக்குப் படித்திருக்க வேண்டிய வயது. அக்கா என்று கூப்பிடச் சொல்லியிருக்கிறார். ஆனால் பக்கத்துப் பையன் கோணலாகக் கோடு போடும்போது அவன் கையிலிருக்கும் அளவுகோலை நேராக நகர்த்தி வைத்தால், அவன் எப்படி அக்கா என்பான்?

“எதுக்குங்க இந்த வயசுல?” என்று கேட்பவர்களிடம், பள்ளிக்கூடத்தில் ஆலோசகர் வேலை வருகிறது, அதற்குத்தான் என்பார். அது உண்மைதான். ஆனால் அது பாதிக் காரணம். நான்கு வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம், பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்று, “டீச்சர், எனக்கு…” என்றாள். “லீவு வேணுமா? எழுதிக் குடு” என்றார் டீச்சர், திருத்திக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்காமல். அவள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதன்பிறகு பள்ளிக்கு வரவே இல்லை. என்ன சொல்ல வந்தாள் என்பது இன்றுவரை தெரியாது.

படிப்பில் எல்லாத் தாளிலும் முதல் மதிப்பெண். செய்முறைதான் உதைத்தது. மனக்குறையோடு வருகிற ஒருவரிடம், அவர் சம்மதத்தோடு, பேசிப் பதிவு செய்ய வேண்டும். குறைந்தது இருபது நிமிடம், இடையில் நிறுத்தாமல். பிறகு பதிவில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். இருமினால் இருமல், ‘ம்’ என்றால் ‘ம்’, மௌனம் என்றால் எத்தனை விநாடி என்று.

டீச்சருக்கு வாய்த்தவள் இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவி. நன்றாகப் படிக்கிறவள், ஆனால் இரண்டு தடவையாகப் பரீட்சைக்கு வரவில்லை. டீச்சர் அரைமணி நேரம் பேசி, பிசிறில்லாமல் எழுதிக் கொடுத்தார். பேராசிரியர் இவரைவிடப் பத்து வயது சிறியவர்; எதற்கும் ‘ம்’ என்பதால் பிள்ளைகள் ‘ம் சார்’ என்பார்கள். பதிவைக் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே டீச்சர் எழுதியதைப் படித்து வந்தவர், ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“இங்க, ‘எங்கம்மா திட்டுவாங்க’ன்னு அந்தப் பொண்ணு சொன்னதா எழுதியிருக்கீங்க.”

“ஆமா சார்.”

“அவ சொன்னது ‘எங்கம்மா வந்து’. அவ்வளவுதான்.”

“அடுத்து அதைத்தானே சார் சொல்ல வந்தா?”

“தெரியலையே மேடம். கேக்கலையே நாம.”

அப்படிப் பதினொரு இடம் இருந்தது. பொய்யெழுத வேண்டுமென்று டீச்சர் எழுதவில்லை. கைக்கு அது எழுதியதே தெரியவில்லை. ம் சார் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார், மூன்று வாரத் தவணையோடு. அதிலும் தவறினால் இந்த வருடம் போச்சு, ஆலோசகர் வேலை வேறொருவருக்கு.

அந்த மூன்று வாரமும் டீச்சர் நாக்கைக் கட்டிப்போட்டார். நடத்துனர் “உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். வீட்டில் கணவர் “அந்த மூணாவது மாடி லிஃப்ட்…” என்று நிறுத்திவிட்டு வழக்கம்போலக் காத்திருந்தார். எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை. முடித்துப் பழக்கமில்லாத மனிதர், பாவம், திண்டாடிப் போனார். “என்னடி, நானேவா சொல்லணும்?”

தவணையின் கடைசி நாள் அதே மாணவி மறுபடி வந்தாள். நான்காம் மாடியில் சின்ன அறை; இரண்டு நாற்காலி, நடுவில் மேசை, மேசைமேல் பதிவுக் கருவி. வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்ற விதியை டீச்சர் வாசித்தார், கருவியை ஓடவிட்டார். பேச்சு பரீட்சைப் பக்கம் வந்தது.

“எங்கம்மா வந்து…” என்றாள்.

டீச்சர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டார். பத்து விநாடி. இருபது. வாய்க்குள் நான்கு வாக்கியங்கள் வரிசை கட்டி நின்றன. நாற்பது விநாடி போயிருக்கும்.

“வாசல்ல குறுக்க உக்காந்துக்குறாங்க. பரீட்சை அன்னைக்கு மட்டும். நான் படிச்சு முடிச்சா வேலைக்குன்னு வெளியூர் போயிடுவேனாம். தாண்டிப் போடி பாப்போம்னு அழுறாங்க.”

திட்டவே இல்லை அந்த அம்மா. “தாண்டிப் போகச் சொல்றாங்க” என்று மட்டும் சொன்னார் டீச்சர், மெதுவாக.

“ம்” என்றாள் பெண். கண் மேசைமேல் இருந்தது. “நான் சொல்றதெல்லாம் இதுல இருக்குமா டீச்சர்?”

“இருக்கும்மா. சாரும் கேப்பார்.”

“அப்படின்னா மிச்சத்தை… இது ஓடாம இருந்தா சொல்லுவேன். அம்மாவைப் பத்தி வேற யாரும் கேக்க வேணாம்.”

கருவியின் சின்னத் திரையில் பன்னிரண்டு நிமிடம் ஓடியிருந்தது. பிசகில்லாத பன்னிரண்டு. இன்னும் எட்டு நிமிடம் ஓடினால் வருடம் தப்பும், வேலை தப்பும். அந்தப் பெண் பையின் வாரை ஏற்கெனவே தோளில் ஏற்றிவிட்டாள்.

டீச்சர் ஒரு கையை வெளியே எடுத்து, கருவியை அணைத்தார். அணைந்ததை அவளே பார்க்கட்டும் என்று திரையை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கையை மறுபடி தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.