நேரில் போய்ச் சொன்னவர்

அப்பாவின் முதலாண்டு நினைவு நாளில் செகந்திராபாத் மாரெட்பள்ளியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். உங்களில் பலர் அப்பாவைச் சட்டமன்ற உறுப்பினராக அறிந்தவர்கள். சிலர் ராணுவத்தில் அவருடன் இருந்தவர்கள். அப்பாவின் அத்தை மகளாகவும் பிறகு மனைவியாகவும் இரண்டு காலத்தையும் அருகிலிருந்து பார்த்தவர் அம்மா. மூத்த மகளான நான் எழுதும் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அம்மா சொல்லக் கேட்டவை.

அப்பா பிறந்தது செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸில். தாத்தா ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, பணிமனையில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். வீட்டுக்குள் வட ஆற்காட்டுத் தமிழ், தெருவில் தெலுங்கு, விளையாடும் இடத்தில் ஹைதராபாத் உருதுவான தக்கனி. சாப்பாட்டுத் தட்டின் முன் "நக்கோ" என்று தக்கனியில் வேண்டாம் சொல்லி அடி வாங்கியதை அப்பா எங்களிடம் பெருமையாகவே சொல்வார்.

பள்ளி முடித்ததும் ராணுவத்தில் சேரப்போவதாகச் சொன்னார். தாத்தாவுக்கு அது பிடிக்கவில்லை.

"பணிமனையில வேலை காத்துக்கினு இருக்குது. நீ எதுக்குடா பட்டாளத்துக்குப் போற?"

"அந்த வேலையத் தம்பிக்கு வாங்கிக் குடுங்க நைனா. எனக்கு ஊரைப் பார்க்கணும்."

சித்தப்பா அந்த வேலையில் சேர்ந்து ஓய்வு பெற்றார். அப்பா பொறியாளர் படைப்பிரிவில் சேர்ந்து பாலம் போடவும் கண்ணிவெடி எடுக்கவும் கற்றுக்கொண்டார். அங்கே அவருக்குக் கிடைத்த நண்பர் நரசிம்முலு. அல்வாலைச் சேர்ந்தவர். அல்வால் செகந்திராபாத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனாலும் இருவரும் முதன்முதலாகச் சந்தித்தது படை முகாமில்தான்.

வங்கதேசப் போரில் ஓர் ஆற்றின் மீது இருவரும் சேர்ந்து பாலம் போட்டுக்கொண்டிருந்தபோது குண்டு விழுந்தது. அப்பாவின் இடது காது அன்றோடு போயிற்று. நரசிம்முலுவை ஆறு கொண்டுபோயிற்று. உடல் கிடைக்காததால், காணவில்லை என்றுதான் அவர் வீட்டுக்குத் தந்தி போனது.

மருத்துவமனையிலிருந்து விடுப்பில் வந்த அப்பா, ரயிலை விட்டு இறங்கியதும் குவார்ட்டர்ஸுக்குப் போகவில்லை. தலையில் கட்டுடன் நேராக அல்வாலுக்குப் போனார். நரசிம்முலுவின் மனைவி யாதம்மா கைக்குழந்தையுடன் வாசலில் நின்றிருந்தார். தெலுங்கில் நடந்த அந்தப் பேச்சை யாதம்மா அத்தையே பின்னால் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

"காணோம்னுதானே தந்தி வந்தது? காணாமப் போனவங்க திரும்பி வர மாட்டாங்களா?" என்று அவர் கேட்டார்.

"நான் பக்கத்துல இருந்தேம்மா. என் கண்ணால பார்த்தேன்," என்றார் அப்பா.

யாதம்மா கதவைச் சாத்திக்கொண்டார். விடுப்பு முடிவதற்குள் அப்பா பலமுறை அங்கே போனார். வாசலில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுவார். ஒருநாள் கதவு திறந்தது. யாதம்மா ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"கடைசியா என்ன சொன்னாரு?"

வேறு யாராக இருந்தாலும், உன் பேரைத்தான் சொன்னார் என்று ஆறுதலுக்காகவாவது சொல்லியிருப்பார்கள். அப்பா சொன்னது வேறு.

"உன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலைம்மா. அதுக்கு நேரம் இல்ல. கயித்தைப் பிடின்னு என்னைப் பார்த்துக் கத்தினாரு. நான் பிடிச்சேன். அதனாலதான் உயிரோட இருக்கேன்."

"இனிப்பா ஒரு பொய் சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். இதைச் சொன்னதாலதான் மத்ததையும் நம்பினேன்," என்பார் யாதம்மா அத்தை. அன்று முதல் அவருக்கு அப்பா அண்ணா. அப்பாவுக்கு அவர் செல்லெம்மா, அதாவது தங்கை.

காது கேளாததால் அப்பா ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். தம் சொந்த அத்தையின் மகளான அம்மாவை மணந்தார். நரசிம்முலு இறந்ததற்கு நேரடி சாட்சி அப்பா ஒருவரே. ஆகையால் யாதம்மா அத்தைக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைப்பதற்காக அவருடன் அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். வராந்தாவில் காத்திருந்த மற்ற பெண்கள் இதைப் பார்த்தார்கள். எங்களுக்கும் கொஞ்சம் பேசுங்கள் என்று கேட்டார்கள். கணவரை இழந்தவர்கள், கால் இழந்து வந்தவர்களின் மனைவிமார்கள். அப்பா அவர்களுக்காகவும் போனார். பிறகு ரேஷன், பள்ளிச் சேர்க்கை, தண்ணீர் என்று எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வருபவர்களுக்குக் காப்பி போட அம்மா பெரிய பால் குக்கர் வாங்கியது அப்போதுதான்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு கட்சி அப்பாவைத் தேர்தலில் நிற்கச் சொன்னது. எதிரணியினர், தமிழ்நாட்டிலிருந்து வந்தவருக்கு இங்கே என்ன வேலை என்று மேடைக்கு மேடை கேட்டார்கள். அல்வாலில் நடந்த கூட்டத்தில், யாரும் அழைக்காமலே யாதம்மா அத்தை மேடையேறி ஒலிபெருக்கியை வாங்கினார்.

"வெளியூர்க்காரர்னு சொல்றீங்க. என் வீட்டுக்காரர் எந்த ஊருக்காகச் செத்தாரு? எங்க அண்ணாவும் அந்த ஊர்க்காரர்தான்."

அத்துடன் ஒலிபெருக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினார். அந்தத் தேர்தலில் அப்பா வெற்றி பெற்றார்.

சட்டமன்றத்தில் வலது காது சபாநாயகர் பக்கம் இருக்கும்படியான இருக்கையை அப்பா கேட்டு வாங்கினார். எதிர்க்கட்சியினர் போடும் கூச்சல் இவர் காதில் விழாது என்று நண்பர்கள் கேலி செய்தால், "ஹவ், அதுக்குத்தான் அந்த இடம்," என்று தக்கனியில் ஆமாம் போட்டுச் சிரிப்பார். வீட்டிலும் இந்தத் தந்திரம் உண்டு. அம்மா கோபமாகப் பேசினால் இடது காது அம்மா பக்கம் இருக்கும்படி திரும்பி உட்கார்ந்துகொள்வார்.

அப்பாவின் அரசியல் வாழ்வில் பெரிய சோதனை அவருடைய கட்சி ஆட்சியில் இருந்தபோதே வந்தது. தொகுதியில் ஒரு பெரிய ஓடையை அகலப்படுத்த, கரையோரம் குடியிருந்தவர்களை நகரத்துக்கு வெளியே வெகு தூரத்தில் கொண்டுபோய் வைப்பதாகத் திட்டம். வீட்டு வேலை, கட்டட வேலை, பணிமனைக் கூலி என்று பக்கத்திலேயே பிழைத்தவர்கள் அவர்கள். அவையில் அது விவாதத்துக்கு வரும் நாளுக்கு முன்தினம் கட்சியின் மூத்தவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். காப்பி கொண்டுபோன நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன்.

"நாளைக்கு ஒருநாள் உடம்பு சரியில்லைன்னு வீட்டுல இருந்துடுங்க. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க," என்றார் அவர்.

"உடம்பு நல்லாத்தானே இருக்குது," என்றார் அப்பா.

"அடுத்த தடவை சீட்டு வேணாமா?"

"வேணும். ஆனா அந்த ஜனங்க முகத்தைப் பார்க்கவும் வேணும்."

மறுநாள் அப்பா அவையில் எழுந்து பேசினார். ஓடையை அகலப்படுத்தக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. 'தண்ணீருக்கு வழி விட்டே ஆக வேண்டும். நான் ஆற்றில் பாலம் போட்டவன், எனக்கு அது தெரியும். ஆனால் பக்கத்து மேட்டில் முதலில் வீடு கட்டிக் கொடுங்கள், அப்புறம் இடியுங்கள்' என்றார். சொந்தக் கட்சி வரிசையில் ஒருவரும் மேசையைத் தட்டவில்லை. ஆனாலும் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டு, திருத்தப்பட்டு, மேட்டில் வீடுகள் எழுந்த பிறகே ஓடை வேலை தொடங்கியது. இன்று அங்கே குடியிருப்பவர்கள் அடைமழையிலும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

அடுத்த தேர்தலில் அப்பாவுக்கு இடம் தரப்படவில்லை. சுயேச்சையாக நின்று தோற்றார். வென்றவர், ஒருகாலத்தில் அப்பாவுக்காகவே சுவரொட்டி ஒட்டிய இளம் வழக்கறிஞர். முடிவு வந்த மறுநாள் காலை அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"எங்கே போறீங்க? இன்னைக்காவது வீட்டுல இருக்கக்கூடாதா?" என்றார் அம்மா.

"ஜெயிச்சவரைப் பார்த்துட்டு வரேன்."

துணைக்கு நானும் போனேன். மாலைகளுக்கு நடுவே நின்றிருந்த அந்த வழக்கறிஞர் அப்பாவைக் கண்டதும் பதறிப் போனார்.

"சார், நீங்க எதுக்கு வந்தீங்க? நானே வந்திருப்பேனே."

அப்பா அவருக்குச் சால்வை போர்த்திவிட்டுச் சொன்னார்: "மேட்டு வீடுகளுக்குத் தண்ணித் தொட்டி பாதியில நிக்குது. அதை மட்டும் விட்டுடாதீங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவரும் அதைச் செய்து முடித்தார். அதற்கான நன்றியை அப்பா மேடையிலேயே சொன்னார். அந்த ஐந்தாண்டுகளில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களின் கூட்டம் குறையவே இல்லை. அதற்கடுத்த தேர்தலில் மக்கள் அப்பாவை மீண்டும் அவைக்கு அனுப்பினார்கள். பிறகு அவர் தோற்கவில்லை. வயதாகிவிட்டது, இளையவர்கள் வரட்டும் என்று தாமாகவே விலகினார்.

தம்பியின் கல்லூரிச் சேர்க்கைக்குச் சிபாரிசு செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டார். தம்பி ஓர் ஆண்டு அவருடன் சரியாகப் பேசவில்லை. இன்று தன் மகனிடம் அதே கண்டிப்பைக் காட்டுகிறான். பேரப்பிள்ளைகள் தமிழில் கேட்டால் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் பதில் சொல்வார்கள். அப்பா அதற்காக வருத்தப்பட்டதில்லை. "பதில் வருதில்ல, அது போதும்," என்பார்.

இதயம் பலவீனமானபோது நகரின் மறுகோடியில், கச்சிபௌலியில் உள்ள என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். உயரமான குடியிருப்பு, மருத்துவமனை பக்கம், எல்லா வசதியும் உண்டு. சில வாரங்களில் என்னிடம் சொன்னார்: "இங்க எல்லாம் நல்லா இருக்குது பாப்பா. ஆனா எனக்கு இங்க வேலை இல்ல." மாரெட்பள்ளிக்கே திரும்பினோம். அங்கேதான், ஒரு காலை வேளையில், செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் அமைதியாகக் கண்மூடினார். முன்னாள் ராணுவத்தினரும் அரசுக் காவலர்களும் மரியாதை செலுத்தி வழியனுப்பினார்கள்.

அப்பாவைக் கடைசிவரை கவனித்த மருத்துவருக்கும், அவரைப் பிள்ளைபோல் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், எங்கள் கார் ஓட்டுநருக்கும், இறுதிச் சடங்கன்று தங்கள் வீட்டு வாசல்களைப் பந்தலுக்கு விட்டுக்கொடுத்த தெருவாசிகளுக்கும், மேட்டுக் குடியிருப்பிலிருந்து வந்து அன்று முழுவதும் சமையலைப் பார்த்துக்கொண்ட பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். கருமாதி முடிந்த மறுநாள், செய்தி அறியாத ஒரு பெண் அப்பாவைத் தேடி வந்தார். தெருவில் டிரான்ஸ்பார்மர் எரிந்து போய், வீட்டில் வயதான மாமியாருடன் இருட்டில் இருப்பதாகச் சொன்னார். நான் எழுந்து விவரம் சொல்வதற்குள் அம்மா முன்னால் வந்தார்.

"ஆயன லேரம்மா. நேனு உன்னானு. கூர்ச்சோ," என்றார். அவர் இல்லைம்மா, நான் இருக்கிறேன், உட்கார் என்று பொருள்.

காப்பி கொடுத்து, முழுவதையும் கேட்டுக்கொண்டு, அம்மாவே மின்வாரிய அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். அந்த வாரமே அந்தத் தெருவில் விளக்கு எரிந்தது. இப்போதும் காலை வேளைகளில் அம்மா வாசல் அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார். நீங்களும் வாருங்கள்.