கொழுந்து இல்லாத மலை

போன மாதம் பெரியப்பா போய்ச் சேர்ந்தார். சாவு வீட்டில் ஆளுக்கு ஆள் எழுந்து, தோட்டத்தைக் காப்பாற்றிய மனுசன் என்று பேசினார்கள். நானும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். செத்தவரைக் குறை சொல்லக் கூடாதாம். ஏன் கூடாது? எனக்கு ஒன்பது வயதில் அவர் செய்ததை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

இலங்கையில் அரநாயக்கப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். சிங்களப் பையன்கள் அரசாங்கத்துக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கியிருந்த காலம் அது. தோட்டத்துக்கு மேலே இருந்த பாறையில் அவர்களில் ஒரு கூட்டம் தங்கியிருந்தது. அவர்களைப் பிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லொறி லொறியாக ஆமிக்காரர்கள் வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் இறங்கினார்கள். நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்றதும் எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. தோட்டத்தை நடத்தும் துரை அன்றைக்கே பெண்டாட்டி பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கேகாலைக்குப் போய்விட்டார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. போகுமுன் பெரியப்பாவைப் பங்களாவுக்குக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்.

பெரியப்பா கங்காணி, கொழுந்து எடுக்கிறவர்களிடம் வேலை வாங்குகிறவர். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்ததால் எங்கள் வீட்டுக்கும் அவர்தான் பெரியவர். மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பெண்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டார். கூப்பிட்டவர்களைப் பன்னிரண்டாம் நம்பர் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகச் சொன்னார். அம்மாவின் பெயரும் அதில் இருந்தது. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பாறைக்கு நேர் கீழே கிடக்கும் அந்த மலையில் வெள்ளிக்கிழமைதான் கொழுந்து எடுத்திருந்தார்கள். ஒரு தரம் எடுத்தால் திரும்பத் துளிர்க்க ஒரு வாரமாவது வேண்டும். தோட்டத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விசயம் இது. அம்மா மட்டும் வாயைத் திறந்து, அங்கே கொழுந்து ஏது என்று கேட்டாள்.

"தொரை உத்தரவு. பேசாம போ புள்ள," என்றார் பெரியப்பா.

பத்து மணிக்கு அம்மாவுக்குத் தேத்தண்ணிப் போத்தல் கொண்டுபோனேன். மலையில் ஏறிப் பார்த்தால், மழைத்தண்ணீர் ஓட வெட்டியிருந்த கான்களுக்குள் ஆமிக்காரர்கள் குந்தியிருக்கிறார்கள்! பெண்கள் ஒரு நிரை மேலே போனால், அவர்கள் முதுகுக்குப் பின்னால் இவர்களும் ஒரு நிரை மேலே ஊர்ந்தார்கள். மீசை முளைக்காத ஒருவன் என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்தான். ஏதோ ஒளிந்து விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். நான் பயந்தது அம்மாவின் கூடையைப் பார்த்து. எல்லாம் முற்றின இலை. ஒரே ஒரு முற்றின இலை கிடந்தாலும் கூடையைக் கவிழ்த்து ஏசுகிற பெரியப்பாவிடம் அம்மா இன்றைக்கு மாட்டிக்கொண்டாள் என்று பதறி, என்னம்மா இது என்று கத்தினேன். அம்மாவின் முகத்தில் இரத்தமே இல்லை. என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"வாய மூடிக்கிட்டு என் கூடவே வா. விட்டுட்டு ஓடாத."

கொழுந்து எடுக்கிற பெண்களுக்குப் பின்னால் ஏறினால் மேலே இருப்பவர்களுக்குத் தெரியாதாம். எந்த மகா புத்திசாலியின் யோசனையோ! மேலே இருந்தவர்கள் கீழ்க் கிராமத்துப் பையன்கள். எங்கள் தோட்டத்து வழியாக நடந்தே படிக்கப் போனவர்கள். எந்த மலையில் எந்தக் கிழமை கொழுந்து எடுப்பார்கள் என்று எங்களைப் போலவே அவர்களுக்கும் தெரியும். மொட்டையாகக் கிடக்கும் மலையில் பெண்கள் ஏறி வருவதைப் பார்த்ததுமே புரிந்திருக்கும். ஆமிக்கு அது தெரியாது, சரி. பெரியப்பாவுக்குமா தெரியாது?

கடைசி நிரைக்குப் போனபோது மேலேயிருந்து சிங்களத்தில் ஒரு குரல் வந்தது. அக்காமார் எல்லாம் தரையில் படுங்கள் என்றது. இரண்டு தரம் சொன்னது. அம்மா என்னைக் கானுக்குள் தள்ளி மேலே விழுந்து மூடிக்கொண்டாள். பிறகு வெடிச் சத்தம்தான். அம்மாவின் நெஞ்சு என் முதுகில் அடித்துக்கொண்டது இன்றைக்கும் நினைவிருக்கிறது. ஆமிக்காரர்கள் எங்களை மிதித்துத் தாண்டி மேலே ஓடினார்கள். மத்தியானத்துக்குள் பாறையைப் பிடித்துவிட்டார்கள். குரல் கொடுத்த பையன் உயிரோடு இறங்கியிருக்க மாட்டான்.

எங்களுக்கு அடுத்த நிரையில் நின்ற அக்கா, தை மாதம்தான் கல்யாணம் முடித்தவள், படுத்த இடத்திலிருந்து எழும்பவில்லை. அது எந்தப் பக்கத்து வெடி என்று இன்றுவரை ஒருத்தரும் விசாரிக்கவில்லை. தோட்டத்தைக் காப்பாற்றினாராம், தோட்டத்தை!

சாயங்காலம் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா சேலையில் மண்ணோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். துரையும் சொல்லி ஆமியும் துப்பாக்கியைக் காட்டினால் தன்னால் என்ன செய்ய முடியும், மாட்டேன் என்றிருந்தால் எல்லாரும் குடியிருக்கும் லயத்தையே கொளுத்தியிருப்பார்கள் என்று சொல்லி அழுதார். பொய் அழுகை இல்லை. அவர் சொன்னதும் உண்மையாக இருக்கலாம். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அக்கா பேர ஏன் மாமா கூப்பிடல?"

அக்கா என்றது பெரியம்மாவை. அவரும் கொழுந்து எடுக்கிறவர்தான், தினமும் அம்மாவோடு சேர்ந்தே மலைக்குப் போகிறவர். பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் தெரியாமல் இப்படி நிற்கிறாரே என்று எனக்குப் பாவமாகப் போய்விட்டது. பதில் எனக்குத் தெரியும். கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில் காலையில் பெரியம்மாவைப் பார்த்துப் பேசியிருந்தேன்.

"பெரியம்மா பிள்ளைக் காம்பராவுல இருந்தாங்கம்மா. இன்னைக்கு மலைக்குப் போக வேணாம், இங்கயே இருன்னு பெரியப்பாதான் விடியக்காலையிலயே சொல்லிட்டாராம்," என்றேன்.

அம்மா என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அவள் என்னை அடித்தது அந்த ஒரு தரம்தான். கேட்டதற்குப் பதில் சொன்னது ஒரு குற்றமா என்று நான் ஏங்கி ஏங்கி அழுதேன். பெரியப்பாதான் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு முதுகைத் தடவிக் கொடுத்தார். அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, என் மேல் பாசமாக இருக்கிற ஒரே ஆள் இவர்தான் என்று நினைத்தேன்.