ஏழாவது பார்வை

சட்டைத் தொழிற்சாலையின் கடைசி மேசை அவளுடையது. தைத்து முடிந்த சட்டைகள் அவள் கண்ணைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகும். பொத்தான், காலர், ஓரத்தையல். ஒரு புரட்டு, ஒரு பார்வை, முடிந்தது. எல்லோருக்கும் அவள் செக்கிங் அக்கா. பதினோரு வருஷம் அப்படித்தான் ஓடியது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பழுதைக் கவனிக்காமல் விட்டவர், அந்தச் சட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஷிப்ட் முடியும்வரை வேலை பார்க்க வேண்டும். இதைக் கண்டுபிடித்த மகானுக்கு மூளை இருக்க வேண்டிய இடத்தில் என்ன இருந்ததோ! ஒரு பொத்தான் குறைந்ததற்காக ஒருநாள் அவள் கழுத்திலும் அது தொங்கியது. சாப்பிடும்போதுகூடக் கழற்ற விடவில்லை சூப்பர்வைசர்.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு சட்டையையும் இரண்டு முறை பார்த்தாள். பிறகு நான்கு. பிறகு ஏழு. அதற்கு முன் கையை எடுத்தால் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். சூப்பர்வைசருக்கோ வாயெல்லாம் பல். திரும்பி வந்த சட்டை ஒன்றுகூட இல்லையே! அவள் படத்தைச் சுவரில் மாட்டி, 'இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்' என்று எழுதி வைத்தார். நோயின் அறிகுறிக்குப் பரிசு கொடுத்த மேதாவி.

மேசையில் சட்டைகள் மலையாய்க் குவிந்ததும் படம் இறங்கியது. நேற்றுவரை பொறுப்பு, இன்று கொழுப்பு. ஒரு மாதம் வீட்டில் இருக்கச் சொன்னார். திரும்பி வந்தும் பழைய வேகம் இல்லையென்றால் சீட்டுக் கிழியும்.

வீட்டில் ஆளாளுக்கு வைத்தியர். அவள் கேஸ் அடுப்பையும் பூட்டையும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதைக் கண்ட மாமியார், வேலை இல்லாத திமிர் என்றார். புருஷனை மடக்க நடிக்கிறாள் என்றாள் நாத்தனார். மனதைத் திடமாக வைத்துக்கொள் என்றான் கணவன். கால் ஒடிந்தவனை எழுந்து ஓடச் சொல்வதுபோல.

அவளாகவே அரசு மருத்துவமனைக்குப் போனாள். கணவன் முகத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான்.

"எப்பலேர்ந்தும்மா இப்படி?" என்று கேட்டார் மனநல மருத்துவர். இத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி.

கேட்டுவிட்டுப் பொறுமையாக விளக்கினார். இது திமிரும் இல்லை, நடிப்பும் இல்லை. ஒரே எண்ணம் திரும்பத் திரும்பத் துரத்தும் எண்ணச் சுழற்சி நோய், ஓ.சி.டி. காரணம் ஒன்றே ஒன்று என்று சொல்ல முடியாது. இயல்பிலேயே கொஞ்சம் பதறும் மனமாக இருக்கலாம், அவமானம் அதைக் கிளறிவிட்டிருக்கலாம்.

"மறுபடி பாத்தா பயம் கொஞ்ச நேரம் அடங்குது இல்லையா? அதான் அதுக்குத் தீனி. ஒரு தடவ பாருங்க, வெச்சிடுங்க. படபடப்பு தானா இறங்கும்."

மாத்திரையும் கொடுத்தார். வெளியே வந்ததும், யாரிடமும் சொல்லாதே என்றான் கணவன்.

"உங்க சர்க்கர மாத்திரைய ஊருக்கே காட்டிட்டுத் திங்கிறீங்க. இது மட்டும் என்ன திருட்டா?" என்றாள்.

மாதம் முழுக்க அடுப்பிலும் பூட்டிலும் பழகினாள். சில நாள் வென்றாள், சில நாள் தோற்றாள்.

வேலைக்குத் திரும்பிய காலையில் சூப்பர்வைசர் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். முதல் சட்டையைப் புரட்டினாள், ஒரு முறை பார்த்தாள், பெட்டியில் வைத்தாள்.

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"நிச்சயமா?"

கை பெட்டியை நோக்கிப் போனது. பாதியில் நிறுத்தினாள். நெஞ்சு திம்திம் என்று அடித்தது.

"நிச்சயமாத் தெரியாது சார். ஒரு தடவ பாத்தேன், அதான் என் வேல. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க."

படபடப்பு அடங்கவில்லை. அது அடங்கட்டும் என்று காத்திராமல், அடுத்த சட்டையை எடுத்தாள்.